எல்லையில் இரு நகரங்கள்: சித்தூரும் திருப்பதியும்



நகரங்களைத் துறைமுக நகரம், தலைநகரம், திருத்தல நகரம், வாணிக நகரம் என வகுத்துப் பேசுவது நம் வழக்கம். இவ்வகைகளில் அடங்காத நகரங்களும் சில உண்டு. ஒரு மொழி வழங்கும் நிலம் முடிந்து மற்றொரு மொழி வழங்கும் நிலம் தொடங்கும் இடத்தில் அவை அமைந்திருக்கும். இரு சாராரும் அவற்றைத் தமதென்பர். அங்கே வாழும் மக்களோ இரண்டு மொழிகளையும் தமதென்பர். அத்தகைய நகரங்கள் இரண்டைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம்.

மேலை நாட்டிலிருந்து ஓர் உதாரணத்தை முதலில் காண்போம். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஏட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில், திரியெஸ்தே என்னும் துறைமுக நகரம் உள்ளது. முன்னால் கடல், பின்னால் சுண்ணாம்புப் பாறையாலான மேட்டு நிலம். அம்மேட்டிலிருந்து குளிர்காலத்தில் இறங்கும் ‘போரா’ என்னும் கடுங்காற்று தெருவில் நடப்போரை நிலைகுலையச் செய்யும். 1382ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரிய அரச மரபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இவ்வூர், 1719இல் சுங்கவரியற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1857இல் வியன்னாவிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்ததும் வாணிகம் பெருகிற்று. நகரத்தில் இத்தாலிய மொழி. சுற்றியிருந்த சிற்றூர்களில் ஸ்லோவேனிய மொழி. அரசு அலுவலகங்களில் ஜெர்மன் மொழி. முதல் உலகப் போருக்குப் பின் நகரம் இத்தாலியைச் சேர்ந்தது. இரண்டாம் போருக்குப் பின் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் அதற்கு உரிமை கோரின. 1947இல் அது தனிப் பிரதேசமாக்கப்பட்டது. 1954 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டு, நகரம் இத்தாலிக்கும், அதன் தெற்கேயுள்ள பகுதி யூகோஸ்லாவியாவுக்கும் உரியவையாயின.

திரியெஸ்தேயின் தலைவிதி இவ்வாறு முடிவு செய்யப்பட்ட அதே ஆண்டுகளில், நம் நாட்டிலும் இத்தகைய வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. அவ்வழக்கின் நடுவே நின்ற ஊர்களே சித்தூரும் திருப்பதியும்.

இவ்வூர்களின் வரலாறு இவற்றின் நில அமைப்பிலிருந்து பிறந்தது. ஆதலின் நிலத்தை முதலில் அறிந்துகொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சேஷாசல மலைத்தொடர், வடக்கேயிருந்து இறங்கி வந்து சமவெளியின் விளிம்பில் செங்குத்தாக முடிகின்றது. அம்முடிவிடத்தில், மலைக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் திருமலையும், அடிவாரத்தில் திருப்பதியும் உள்ளன. மலைப்பாதையில் செல்லும் யாத்திரிகர், சாலையோரத்துப் பாறைச் சுவரை ஒரு கணம் உற்று நோக்கலாம். கீழே கிடப்பவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கருங்கல் வகைப் பாறைகள். அவற்றின் மேல் படிந்திருப்பவை ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுப் பாறைகள். இடைப்பட்ட பலகோடி ஆண்டுகளின் தடயமே அங்கு இல்லை. புவியியல் அறிஞர் இந்த இடைவெளியைப் பெரிதும் போற்றுவர்; அரசு இதனைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது. திருமலையில் காணப்படும் இயற்கைக் கல்வளைவாகிய சிலாதோரணமும் இப்படிவுப் பாறையில் மழையும் காற்றும் செதுக்கியதே.

சித்தூர் இதற்குத் தென்மேற்கே, சாலை வழியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வேலூரிலிருந்து அதற்கு 35 கிலோமீட்டரே. குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், நீவா என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. நீவா பொன்னையாற்றில் கலக்கின்றது; பொன்னையாறு பாலாற்றில் கலக்கின்றது. அஃதாவது சித்தூரில் பெய்யும் மழை, எல்லை கடந்து, பழைய தொண்டை நாட்டின் நடுவே ஓடிக் கடலடைகின்றது. திருப்பதியின் ஆறாகிய சுவர்ணமுகி, சந்திரகிரிப் பக்கத்துக் குன்றுகளில் தோன்றி, காளத்தியைத் தொட்டுக் கொண்டு கிழக்கே வங்கக் கடலை நோக்கிச் செல்கின்றது. சித்தூரின் நீர் தெற்கே போகின்றது. திருப்பதியின் நீர் கிழக்கே போகின்றது. இரு ஊர் மக்களின் போக்குவரவும் பெரும்பாலும் இவ்வழியிலேயே அமைந்தது. சித்தூரார் வேலூரை நோக்குவர். திருப்பதியார் சென்னையை நோக்குவர்.

இனி வரலாறு. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வட வேங்கடத்தையும் தென் குமரியையும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகளாகக் குறிப்பது யாவரும் அறிந்ததே. அகநானூற்றில் மாமூலனார் முதலிய புலவர்கள், வேங்கட மலைக்குரிய தலைவனாகப் புல்லி என்பவனைக் குறிக்கின்றனர். பொருள் தேடிச் சென்ற தலைவன் வேங்கடத்திற்கு அப்பால், ‘மொழிபெயர் தேய’த்தில் இருக்கின்றான் என்று அப்பாடல்கள் கூறும். மொழி வேறுபடும் நாடு என்பது பொருள். மைய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லைக் காணுந்தோறும் ஒரு நெருக்கம் உண்டாகின்றது. பிழைப்பை நாடி வேங்கடத்திற்கு அப்பால் வந்து குடியேறிய நேயர்களுக்கும் அது உண்டாகலாம். பிற மொழி பேசும் நாட்டைப் பகைநாடு என்றோ தாழ்ந்த நாடு என்றோ அச்சொல் குறிக்கவில்லை. மொழி மாறுகின்றது என்ற அளவிலேயே நிற்கின்றது.

சோழர் காலத்தில் இப்பகுதி தொண்டை மண்டலத்தின் திருவேங்கடக் கோட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. இன்று திருச்சானூர் என வழங்கும் ஊரைப் பழைய கல்வெட்டுகள் திருச்சோகினூர் என்று கூறுகின்றன. பல்லவர் குலத்துப் பெருமாட்டியாகிய சாமவை, திருமலைக் கோயிலுக்கு வெள்ளியாலான திருமேனியும் அணிகளும் நிலமும் அளித்த செய்தி, பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டால் தெரிய வருகின்றது. திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தெலுங்கும் கன்னடமும் பேசிய விஜயநகர மன்னர்களின் காலத்திலும் கோயிற் கணக்கும் அறக்கட்டளைகளும் தமிழிலேயே பொறிக்கப்பட்டன என்பது கருதத் தக்கது. கல்வெட்டுத் தமிழ் அங்கே நிலைத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. நாள்தோறும் நெய் அளக்கவும், அமுதுபடி வகுக்கவும், நிலம் குத்தகைக்கு விடவும் அது வேண்டியிருந்தது.

திருப்பதி ஊர் தோன்றிய கதையை வைணவ மரபு இராமாநுசரோடு இணைக்கின்றது. மலையடிவாரத்தில் கோவிந்தராசர் கோயிலை நிறுவி, அதனைச் சுற்றித் தெருக்களை அவர் வகுத்தார் என்றும், அது 1130ஆம் ஆண்டு நிகழ்ந்ததென்றும் கூறுவர். மலையேறும் வழி தொடங்கும் ‘அலிப்பிரி’ என்னும் இடத்தின் பெயர், அங்கு நின்ற புளிய மரத்தால் ‘அடிப்புளி’ என வழங்கிப் பின்னர்த் திரிந்தது என்பது செவிவழிச் செய்தி. திருமலைக் கருவறையின் வாயிற்படிக்குக் குலசேகரப்படி என்று பெயர். இறைவன் சந்நிதியில் படியாய்க் கிடக்க வேண்டிய சேர நாட்டு ஆழ்வாரின் பெயர், தெலுங்கு நாட்டுக் கோயிலில் இன்றும் வழங்குகின்றது.

அதே மலையில் தெலுங்கும் தழைத்தது. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவராகக் கருதப்படும் தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியர், வேங்கடவன் மீது ஆயிரக்கணக்கான தெலுங்குக் கீர்த்தனங்களை இயற்றினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் அறையொன்றில் வைக்கப்பட்டன. நெடுங்காலம் மறந்திருந்த அச்செப்பேடுகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டு அச்சேறின. அவற்றைத் தமிழர் வீடுதோறும் கேட்கச் செய்தவர்களுள் தலையாயவர் மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி. திருப்பதி நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது. வைகறையில் அக்கோயிலில் ஓதப்படும் வடமொழிச் சுப்ரபாதத்தை இயற்றியவரோ காஞ்சியைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர். மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்திற்குப் பதிலாக அங்கே திருப்பாவை ஓதப்படுகின்றது. தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றும் அங்கே முறை வைத்துக்கொண்டு பணி செய்கின்றன எனலாம்.

விஜயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில் சந்திரகிரி தலைநகராக விளங்கிற்று. திருப்பதிக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ள அவ்வூரின் கோட்டையும் ராஜமகாலும் இன்றும் காணத்தக்கவை. 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர், சந்திரகிரி அரசின் கீழ் நின்று, கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தை ஆங்கில வாணிகருக்கு அளித்தார். அந்நிலத்தில் எழுந்ததே சென்னைப் பட்டினம். சென்னையின் தொடக்கப் பத்திரம் சித்தூர்ப் பக்கத்து அரசின் அதிகாரத்தால் பிறந்தது என்பதைச் சென்னைவாசிகள் பலர் நினைப்பதில்லை.

சித்தூரின் பெயர் ‘சிற்றூர்’ என்பதிலிருந்து வந்ததாகக் கூறுவர். ஆயினும் அதன் வரலாறு சிறிதன்று. மைசூர் வேந்தர் ஹைதர் அலி 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டையில் பாசறையிலேயே உயிர் நீத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆற்காட்டின் வடபகுதியையும் கடப்பை மாவட்டத்தின் தென்பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. தமிழ் மிகுந்த தாலுக்காக்களும் தெலுங்கு மிகுந்த தாலுக்காக்களும் ஒரே கலெக்டரின் கீழ் வந்தன. அம்மாவட்டத்தின் மக்களுள் சிலரை இங்கே நினைவு கூர்வோம். ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராகிய கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி சித்தூரைச் சேர்ந்தவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியிற் பிறந்து திருப்பதியிற் படித்தவர். இசைவாணர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பயின்றவர். ‘தியாகய்யா’ படத்தால் புகழ்பெற்ற நாகையா, ‘சித்தூர் நாகையா’ என்றே தமிழ், தெலுங்கு ரசிகர்களால் அறியப்பட்டார். அக்காலத்தில் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு 1919 பிப்ரவரியில் வந்து தங்கியிருந்த கவி ரவீந்திரநாத் தாகூர், ‘ஜன கண மன’ பாடலை அங்கிருந்தபோதுதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர் தேயத்தின் வாயிலில் அம்மொழிபெயர்ப்பு நிகழ்ந்தது பொருத்தமே.

இனி, எல்லை வழக்கிற்கு வருவோம். தனி ஆந்திர மாநிலம் வேண்டி உண்ணா நோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. அதன் தென்பகுதியில் தமிழர் மிகுந்திருந்ததால், தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். பலர் சிறை சென்றனர். பின்னர், எச். வி. பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி இரு மாநிலங்களும் இணங்க, 1959இல் பாராளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுக்காக்களின் சில பகுதிகள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. துப்பாக்கியாலன்றிக் கணக்கெடுப்பாலும் பேச்சாலும் சட்டத்தாலும் தீர்க்கப்பட்ட வழக்கு என்ற வகையில் இது பாராட்டத் தக்கதே.

ஆயின், எத்தனை கவனமாகக் கோடு கிழித்தாலும், கோட்டின் இரு புறத்தும் மாற்று மொழியினர் சிலர் இருந்தே தீர்வர். ஊரைப் பிரிக்கலாம், வீட்டைப் பிரித்தல் அரிது. தந்தை ஒரு மொழியும் தாய் ஒரு மொழியும் பேசும் குடும்பங்கள் இப்பக்கத்தில் மிகுதி. சித்தூர்ச் சந்தையில் தெலுங்கில் தொடங்கும் பேரம் தமிழில் முடிவதுண்டு. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இரு மொழியும் ஒரு மூச்சில் வரும். மாமரங்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் நிறைந்த சித்தூர்ச் சீமையில் ‘தோத்தாபுரி’ என்னும் கிளிமூக்கு மாம்பழமே முதன்மையான வகை. அது கூழாக்கப்பட்டு அயல்நாடுகளுக்குச் செல்கின்றது. விளைச்சல் மிகுந்து விலை விழும் ஆண்டில் தமிழ் பேசும் உழவரும் தெலுங்கு பேசும் உழவரும் ஒரே வரிசையில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கின்றனர். கேழ்வரகுக் களியும் நிலக்கடலைத் துவையலும் இருவர் வீட்டிலும் உண்டு. கடும் நோய் கண்டவரை வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்வதும் இருவர்க்கும் பொது.

திருப்பதியின் வாழ்வு வேறு வகையானது. மலைக்கு வருவோரை எதிர்கொண்டு, உணவளித்து, வழியனுப்புதலே அந்நகரத்தின் பெருந்தொழில். 1843 முதல் 1933 வரை கோயிலை நிர்வகித்தவர்கள் வடநாட்டிலிருந்து வந்த ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகள். அதன் பின் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது. 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டபின் யாத்திரிகர் தொகை பெருகிற்று. புரட்டாசியில் சென்னையிலிருந்து திருக்குடைகள் புறப்படுகின்றன. பிரமோற்சவக் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலை செல்கின்றது. ஆனால் ஊராருக்கென்றே ஒரு தேவி உண்டு. தாத்தய்யகுண்ட கங்கம்மா என்னும் அவள் வேங்கடவனின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. கோடையில் நிகழும் கங்கம்மா ஜாத்திரையில் ஆடவர் பெண் வேடமும் பிற வேடங்களும் புனைந்து தெருக்களில் வலம் வருவர். 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் தோன்றியது முதல் திருப்பதி கல்வி நகரமாகவும் வளர்ந்துள்ளது. 2015இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அங்கு தொடங்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகியது. அப்போது அதன் எல்லை பழவேற்காட்டு ஏரியையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் உள்ளடக்கி வங்கக் கடல் வரை நீண்டது. மலை நகரம் கடற்கரையும் பெற்றது.

எல்லையின் இனிய பக்கத்தை மட்டும் கூறி நிறுத்துதல் முறையன்று. சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரம் உலகில் வேறெங்கும் இயல்பாகப் பெரிதும் வளராதது. கள்ளச் சந்தையில் மிகுந்த விலை பெறுவது. அதனை வெட்டுதற்குக் கூலிக்கு அழைத்துச் செல்லப்படுவோருள் தமிழ்நாட்டு மலையோர ஊர்களின் ஏழைகள் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் அக்காட்டில் ஆந்திரக் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். மரத்தின் இலாபம் தொலைவிலுள்ளவர்க்கு. உயிரின் இழப்பு மலையடிவாரத்துக் குடிசைக்கு. எல்லைக் கோட்டின் கடுமையை எளியோரே முதலில் உணர்கின்றனர்.

எல்லை வழக்கில் இன்னும் தீராத பகுதி ஒன்றுண்டு. அது பிள்ளைகளின் கல்வி. 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று கூறுகின்றது. சட்டம் வசதியைத் தரச் சொல்லும்; அதைப் பயன்படுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தாது. எல்லைப்புறத்திலும், நாம் வாழும் தொலைவிடங்களிலும், தமிழை வீட்டிற் சரளமாகப் பேசி அதன் எழுத்தை அறியாத பிள்ளைகள் உண்டு. மாநில மொழியும் ஆங்கிலமும் வேலைக்கு வேண்டும். மூன்றாவதற்கு நேரமில்லை என்பது பெற்றோர் கூற்று. அது பொய்யன்று.

ஆயினும் வடவேங்கடம் நமக்கு ஒன்றைக் காட்டுகின்றது. அங்கே கோடு பலமுறை மாறியது. கோட்டமாக இருந்தது சீமையாயிற்று, மாவட்டமாயிற்று, வேறு மாநிலமாயிற்று, மீண்டும் இரு மாவட்டங்களாயிற்று. இத்தனை மாற்றத்திலும் தமிழ் எங்கெங்கு நிலைத்தது என்று பார்த்தால், அதற்கென்று நாள்தோறும் ஒரு வேலை இருந்த இடத்திலெல்லாம் நிலைத்தது. கோயிற் கணக்கில் வேலை இருந்தவரை கல்லில் நின்றது. மார்கழியில் ஓதும் முறை உள்ளவரை கருவறை வாயிலில் நிற்கின்றது. சந்தையில் விலை பேசும்வரை நாவில் நிற்கின்றது. எல்லைப் போராட்ட நாட்களில் மங்கலங்கிழார் என்னும் ஆசிரியர் திருத்தணிப் பக்கத்தில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தார். போராட்டத்தின் வெற்றியில் முழக்கத்திற்குள்ள பங்கு அவர் பிடித்த சுண்ணாம்புக் கட்டிக்கும் உண்டு.

அதே மண்ணில், மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில், 1997இல் திராவிடப் பல்கலைக் கழகம் அமைக்கப்பட்டது. அண்டை மொழிகளை ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் நோக்கம் கொண்டது அது. சென்னையின் தாகம் தீர்க்கக் கிருஷ்ணா நதி நீரும் 1996 முதல் கண்டலேறுவிலிருந்து இப்பகுதியின் வழியாகக் கால்வாயில் வருகின்றது. எல்லைக்கு அப்பாலிருந்து நீர் வரும்போது, எல்லைக்கு அப்பாலுள்ள மொழியைக் கற்பதில் நமக்கு இழப்பென்ன?

வேற்று மாநிலத்தில் வாழும் நேயர்கள் செய்யத்தக்கது எளியதே. வாழும் ஊரின் மொழியை மனமுவந்து கற்போம். அதனோடு, வீட்டில் தமிழுக்கு ஒரு வேலை கொடுப்போம். மளிகைப் பட்டியலைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். ஊரிலுள்ள பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் தமிழில் போகட்டும். விடுமுறையில் திருமலைக்குச் சென்றால், கோயிற் சுவரிலுள்ள எழுத்துகளைப் பிள்ளைக்குச் சுட்டிக் காட்டுவோம். பழைய எழுத்து முழுவதும் விளங்காவிட்டாலும், நெய்யளந்த கணக்கு ஆயிரம் ஆண்டுகளாக அங்கே நிற்பதை அப்பிள்ளை காணும். இன்றைய எழுத்தையாவது கற்க வேண்டும் என்ற விருப்பம் அதன் பின் அதற்குத் தானே தோன்றலாம்.